கோலுக்கு யார்: பம்பா, பசை டப்பாவா?

ஜூன் 4

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய மருமகளே,

இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப் போகிறேன். இதை நம்பக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அப்படி ஒருவர் பிறந்துவிட்டால் அவருடைய புத்தியை முதலில் சந்தேகப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன். வலது கையைப் பெரிய ஸ்பானர் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: நீ நம்ப மாட்டாய். நம்பினால் எனக்குத்தான் அவமானம்.

முகாமில் கைப்பேசிகளை எல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள், கடிதம் மட்டும்தான் போகும் என்று உன் அம்மா சொன்னாள். நல்லதாகப் போயிற்று. போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

செய்தி இதுதான். பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் தேசியக் கால்பந்து அணிக்கான முகாமுக்கு இருபத்து மூன்று பேரை அறிவித்தார்கள் அல்லவா? அன்றோடு என் டயர் கடை டயர் கடையாக இருப்பது நின்றுவிட்டது. இப்போது அது நாடாளுமன்றம். சாயங்காலமானால் சலூன்காரர் பாதி முகம் மழித்த ஆளை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு ஓடி வருகிறார். கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறார். பஸ் தானாகவே டெப்போவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதாகக் கேள்வி. கணக்கு டீச்சர் பரீட்சைத் தாள் கட்டோடு வந்து, எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு அங்கேயே மதிப்பெண் போடுகிறார். எனக்கு நேற்று நூற்றுக்குப் பதினொன்று.

தரையில் தார்ப்பாய் விரித்திருக்கிறேன். அதுதான் மைதானம். ஆட்டக்காரர்களுக்குக் கடைச் சாமான்கள். உங்கள் கேப்டன் ஜாக்கி. ஏனென்றால் விழுந்து கிடக்கிற எதையும் தூக்கி நிறுத்துகிறவள் அவள். நடுக்களத்து இரட்டையர் டயரை நெம்பிக் கழற்றும் இரண்டு லீவர்கள். வலது ஓரத்தில் பறக்கும் அந்தச் சுருட்டை முடிப் பெண் ஒரு வீல் நட்டு. முந்தாநாள் வேலைக்கு வைத்திருக்கும் ஆள் தெரியாமல் அந்த நட்டை எடுத்து ஒரு வேனில் மாட்டி அனுப்பிவிட்டான். வலது ஓரம் காலி! கண்டக்டர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துரத்தி, மூன்று மலை, ஏழு ஆறு தாண்டி, அந்த வேனை மடக்கி, நட்டைக் கழற்றி மீட்டு வந்தார். வேன் மூன்று நட்டில் ஓடுகிறதாம். போகட்டும், தேச நலன் பெரிது.

கோலுக்கு இருவர் போட்டி. நெட்டை என்று நீ சொல்வாயே, உன் அறைத்தோழி, அவள் காற்றடிக்கும் பம்பு. நீ பஞ்சர் ஒட்டும் பசை டப்பா. கோபப்படாதே. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. பக்கத்தில் வந்தது எதுவும் ஒட்டிக்கொள்ளும், விடாது. பெருமையாக வைத்த பெயர்.

அந்த இருவரில் யாரை வைத்தோம் என்பதை எழுத இந்தத் தாளில் இடம் இல்லை.

உன் மாமா

---

ஜூன் 9

மாமா,

தாளின் பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன்.

நான் நலம். இடது உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது, கையுறை புதுசு. காலையில் ஓட்டம், பிறகு பந்து, பிறகு சாப்பாடு, பிறகு பந்து. எங்கள் அறையில் இரண்டு கட்டில். நெட்டையின் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் நான் துண்டு காயப் போடுகிறேன். அவள் ஒன்றும் சொல்வதில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கை நீட்டினால் கோலின் மேல் கம்பத்தைப் பிடித்துவிடுவாள். ஓரமாக வருகிற பந்துக்கு அவள் பாய்வதைப் பார்த்தால் எனக்கே கை தட்டத் தோன்றுகிறது. தட்டியும்விட்டேன் ஒரு நாள். பயிற்சியாளர் முறைத்தார். "நீ அவளுக்குப் போட்டியா, ரசிகையா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் மேடம்" என்றேன். அதற்கு மைதானத்தை ஒரு சுற்று ஓட வைத்தார்.

மாமா, உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நான் இந்த அணியில் இருக்கிறேன். இரண்டு வருஷமும் வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் ஜாக்கெட்டை மடித்து வைத்திருக்கிறேன். ஒரு ஆட்டம் கூட உள்ளே நின்றதில்லை. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். இந்தப் போட்டிதான் கடைசி. ஒரே ஒரு ஆட்டம், முதல் விசிலிலிருந்து, நாட்டுச் சட்டையில் நான் கோலில் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

போட்டிக்குக் கிளம்புவதற்கு முன்தான் பயிற்சியாளர் பதினொரு பேரைச் சொல்வார். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் நேராகக் கேட்கிறேன். உங்கள் தார்ப்பாயில் கோலில் நிற்பது பம்பா, பசை டப்பாவா? உங்கள் கடை சொன்னால் பயிற்சியாளர் கேட்கப் போவதில்லை. ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

மருமகள்

---

ஜூன் 14

நாட்டின் பொக்கிஷமே, வீட்டின் இடியே,

உன் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் இங்கே வீசிய புயலைப் பற்றி எழுத நினைத்தேன். என் கடைக் கூரை பறந்துபோய், பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டில் பந்தலாகப் பயன்பட்டு, மறுநாள் நன்றிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. ஆனால் நீ அதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

பம்பு.

எழுந்திருக்காதே, உட்கார். முழுவதும் கேள்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் பால்காரரின் தங்கை மகன் ஒருவன் ஏதோ அணியில் இருந்தான். பால்காரர் என்ன செய்தார் தெரியுமா? பதினொரு இடத்திலும் அவனையே வைத்தார். கோலில் அவன், முன்வரிசையில் அவன், அவனுக்குப் பந்தைக் கொடுப்பதும் அவன். சண்டை வந்து, பால் நின்று, தெருவே ஒரு வாரம் கறுப்புத் தேநீர் குடித்தது. அன்றைக்குக் கணக்கு டீச்சர் ஒரு சட்டம் போட்டார். ஆட்டக்காரருக்குச் சொந்தமானவர் யாராக இருந்தாலும், தன் சொந்தத்துக்கு எதிராகத்தான் வாதாட வேண்டும். ஆதரவாக ஒரு சொல் சொன்னால் கடையை விட்டு வெளியே. கடை என்னுடையதுதான், ஆனாலும் வெளியே.

கோல் விவாதம் வந்தது. எல்லோரும் உன் பக்கம். நான் ஒருவன்தான் எதிர்த்தரப்பு. பேருக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் எழுந்தேன். உன் மாமாவுக்கு நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரியுமா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை எனக்குத் தூரத்து உறவு.

"சபையோரே!" என்றேன். "மூலையிலிருந்து கார்னர் பந்து உயரமாக வருகிறது. கோல்காரி பாய்ந்து வந்து பிடிக்க வேண்டும். என் மருமகள் என்ன செய்கிறாள்? யோசிக்கிறாள்! அவள் யோசித்து முடித்துக் கோல் கோட்டை விட்டுக் கிளம்புவதற்குள், ஒருவர் அடுப்புப் பற்றவைத்து, டீ போட்டு, ஆற்றி, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் விடலாம்!"

கடை அதிர்ந்தது. கை தட்டலில் தொங்கிய டியூபுகள் எல்லாம் ஆடின. உனக்காக உயிரைக் கொடுப்பேன் என்ற சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்மை கசக்குதுப்பா" என்று பம்பைத் தூக்கிக் கோலில் வைத்தார். டீச்சர் எனக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். என் வாழ்நாளில் நான் வாங்கிய மிகப் பெரிய மதிப்பெண். அதை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இது நம் கடைக்குள் நடந்த பேச்சு. நாலு சுவருக்கு வெளியே போகாது. சட்டம் செய்த வேலை, நான் அல்ல.

தலை குனிந்த மாமா

---

ஜூன் 20

மாமா,

நாலு சுவருக்கு வெளியே போகாது என்று எழுதியிருந்தீர்கள்.

அன்றைக்கு உங்கள் கடையில் ஒரு பத்திரிகை நிருபர் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்திருந்தாரா? மூலையில், ஒன்றும் பேசாமல்? இருந்திருக்கிறார். விளையாட்டுப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார். "கோல்காரியின் தாய்மாமாவே சொல்கிறார்." டீ, டம்ளர், கழுவிக் கவிழ்த்தது, எல்லாம் அப்படியே.

முகாமின் சமையல்காரர் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். கேப்டன் சத்தமாகப் படித்தாள். இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. இப்போது ஒவ்வொரு கார்னருக்கும் யாராவது ஒருத்தி கத்துகிறாள்: "டீ போட்டாச்சா?" நேற்று பயிற்சியாளரும் லேசாகச் சிரித்தார். அதற்கு முன் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

கேலிக்காக நான் அழவில்லை. கேலி பழகிவிடும். ஆனால் நேற்று ஒரு கார்னரில் என் கால் உண்மையிலேயே நின்றது. இது இப்போது வந்ததா, உங்கள் பேச்சைக் கேட்டு வந்ததா, இல்லை எப்போதுமே இருந்து எனக்குத்தான் தெரியாமல் போயிற்றா என்று புரியவில்லை.

அதனால் ஒன்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் சொன்னது கடைச் சட்டத்துக்காகச் சொன்ன பொய்யா, நிஜமா? புயல் வேண்டாம், கூரை வேண்டாம். பொய் என்றால் பொய். நிஜம் என்றால் நிஜம்.

கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை.

---

ஜூன் 25

மருமகளே,

நிஜம்.

அடுப்பு, டீ, டம்ளர் எல்லாம் என் சொந்தச் சரக்கு. யோசித்து நிற்கிற அந்த ஒரு கணம் மட்டும் உன்னுடையது. உன் தோள் எலும்பு உடைந்ததே, அந்த மாவட்ட ஆட்டம், அதற்குப் பிறகு வந்தது. அதற்கு முன் உனக்கு அது கிடையாது. நீ வருவாய், பந்து வரும், நீ முதலில் இருப்பாய். மோதி விழுந்த பிறகு உன் கால் ஒரு தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது. நான் உன் ஆட்டம் எல்லாவற்றையும் கோலுக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்ல வேண்டியது உன்னிடம். சொன்னது ஊரிடம். மன்னித்துக்கொள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டவும் முடியாது, உன் அம்மா என்னைவிடப் பெரிய ஆள்.

பத்திரிகையைப் பார்த்துவிட்டு அக்கா நேராகக் கடைக்கு வந்தாள். வேலைச் சீருடையைக் கூட மாற்றவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் காதைத் திருகப் போகிறாள் என்று பம்புக்குப் பின்னால் ஒளிந்தேன். பம்பு ஒல்லி. பயனில்லை.

"இங்க யாருடா பேசலாம்?" என்றாள்.

"யாரும் பேசலாம்மா" என்றார் டீச்சர். "ஆனா நீங்க தாய். சட்டப்படி குறைதான் சொல்லணும்."

"குறைதானே? நிறைய இருக்கு. உக்காருங்க எல்லாரும்."

நாங்கள் டயர்கள் மேல் உட்கார்ந்தோம்.

"முதல் குறை, பிடிவாதம். கையில ஒண்ணப் பிடிச்சா விடமாட்டா. தோள் உடைஞ்ச அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் பந்தோட வந்தா. எக்ஸ்ரே எடுக்கிறவரு, 'பந்தக் குடும்மா, பந்தக் குடும்மா'ன்னு கெஞ்சுறாரு. இவ, 'நடுவர் இன்னும் விசில் ஊதல'ங்கறா. இது ஒரு பொண்ணு பேசுற பேச்சா? கடைசியில நான்தான் வாயால விசில் ஊதினேன். அப்பத்தான் குடுத்தா."

சலூன்காரர் தன் டயரை இன்னும் பக்கத்தில் உருட்டிக்கொண்டார்.

"ரெண்டாவது, சோம்பேறி. கட்டுப் பிரிச்ச மறுநாள்லேர்ந்து வீட்டு வேலை ஒண்ணு செய்யறது கிடையாது. எப்பப் பாரு செவுத்துல பந்தை அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. இடது கையால ஆயிரம், வலது கையால ஆயிரம். செவுத்துக்கு மூணு தடவை பூசியாச்சு. மூணாவது, மானம் ரோஷம் இல்லை. ரெண்டு வருஷம் வெளிய உக்காத்தி வெச்சாங்க. வேற யாரா இருந்தாலும் போடான்னு வந்திருப்பாங்க. இவ அடுத்தவங்க ஜாக்கெட்ட மடிச்சு வெச்சுட்டு, 'அவங்க நல்லா ஆடுனாங்கம்மா'ன்னு வந்து சொல்றா. இப்படி ஒருத்தியக் கோல்ல நிறுத்துவீங்களா? நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். சலூன்காரர் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்டக்டர் எழுந்தார். பம்பை மரியாதையாக எடுத்துச் சுவரில் சாய்த்தார். பசை டப்பாவைச் சட்டையில் துடைத்துக் கோலில் வைத்தார். டீச்சர் அக்காவுக்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்கிறாய்? போடவில்லை. பேனா மூடியை மூடிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

மாமா

---

ஜூலை 3

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் ஒளித்து வைத்தேன். பிறகு நெட்டையிடம் கொடுத்தேன். அவள் அம்மாவின் பேச்சை இரண்டு தடவை படித்தாள். படித்துவிட்டு, "ஏய், உங்க வீட்டுல என்னைப் பத்தி ஒரு குறையும் சொல்லலையா? உங்க மாமாவை எனக்கும் ஒண்ணு கண்டுபிடிச்சு அனுப்பச் சொல்லு" என்றாள்.

பிறகு, "கிளம்பு" என்றாள்.

மைதானத்துக்குப் போனோம். மூலையிலிருந்து அவள் பந்தை உயரமாக அடித்தாள். நான் நின்றேன். மறுபடி அடித்தாள். மறுபடி நின்றேன். அவள் இடுப்பில் கை வைத்து யோசித்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டாள். "இனிமே எல்லாரும் டீன்னு கத்துங்க. நல்லாக் கத்துங்க. ஏய், நீ யோசிக்காத. அந்தச் சத்தம் காதுல விழுந்ததும் கிளம்பு. அவ்வளவுதான். யோசனைய எங்ககிட்ட விட்டுடு."

யார் எனக்காக இப்படிச் செய்வார்கள், மாமா? அவள் இடத்துக்குத்தான் நான் போட்டி போடுகிறேன். தினமும் எல்லோரும் குளிக்கப் போன பிறகும் அவள் நின்று பந்து அடித்துக் கொடுத்தாள். முதலில் கேலியாகக் கத்தினார்கள். நான்கைந்து நாளில் அது கேலியாக இல்லை. நேற்று ஒரு பந்துக்கு நான் வெளியே வந்தபோது கேப்டனையும் நெட்டையையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். இருவரும் தரையில். பந்து என் கையில். நெட்டை படுத்தபடியே கை தட்டினாள்.

இன்று பயிற்சியாளர் பதினொரு பேரைச் சொன்னார். சாப்பாட்டு அறையில், நின்றுகொண்டு, தாள் இல்லாமல். கோலில் தொடங்கினார். முதல் பெயர் என்னுடையது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மீதிப் பத்துப் பேர் யாரென்று பிறகு மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தனியாகப் போய்க் கேட்டேன்: "மேடம், எனக்கு இது கடைசி வருஷம்னு பாத்துக் குடுத்தீங்களா?"

"வயசைப் பாத்து எடம் விட இது பஸ் சீட்டா?" என்றார். "முதல் ஆட்டத்துல எதிர்ல வர்றவங்க கார்னர்ல பந்தை வானத்துக்குப் போடறவங்க. இன்னைக்குத் தேதிக்குக் கோல் கோட்டை விட்டு முதல்ல வர்றது நீ. நாளைக்கு நீ தயங்கி நின்னா அவ ஆடுவா. போய்த் தூங்கு."

நெட்டை என் ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நன்றாக மடிக்கத் தெரியாது அவளுக்கு. சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் இந்தத் தடவை வலைக்குப் பின்னால் இருக்க முடியாது. தொலைக்காட்சியில் பாருங்கள்.

மருமகள்

---

ஜூலை 9

எங்கள் குலத்தின் கோட்டையே, கோட்டையின் கதவே, கதவின் தாழ்ப்பாளே,

ஆட்டத்தை நீ ஆடினாய். ஆனால் ஆட்டம் எங்கே நடந்தது என்று நினைக்கிறாய்? என் கடையில். பெரிய லாரி டயர் ஆறை அடுக்கி அதன் மேல் தொலைக்காட்சியை ஏற்றினோம். கூட்டம் எப்படி என்றால், தெருவில் இடம் போதாமல் பின்னால் நின்றவர்கள் அடுத்த ஊரில் நின்றார்கள். சலூன்காரர் கடையை மூடிவிட்டார். அன்று ஊரில் எல்லோருக்கும் தாடி.

அணி வரிசையாக வந்து நின்றபோது கணக்கு டீச்சர் சட்டத்தை ரத்து செய்தார். "இன்னைக்குச் சொந்தக்காரங்களும் ஆதரவாக் கத்தலாம்" என்றார். அக்கா முதல் விசிலுக்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

உங்கள் சுருட்டை முடிக்காரி கோல் போட்டாளே, அப்போது கண்டக்டர் துள்ளியதில் அவர் தொப்பி மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. இன்னமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு காகம் அதில் குடித்தனம் வைத்திருக்கிறது. அந்த வேன்காரர் கூட வந்திருந்தார், அதே மூன்று நட்டில்.

பிறகு கடைசி நிமிஷங்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். அவர்களுக்குக் கார்னர். அந்தப் பக்கத்துக் கோல்காரி கூட ஓடி வந்து உன் முன்னால் நிற்கிறாள். உன்னைச் சுற்றி ஒரு காடு. கடையில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்திரிகை, உன் கடிதம், அக்கா என்று எப்படியோ பரவியிருக்கிறது. தெரு முழுக்க ஒரே குரலில் கத்தியது:

"டீ!"

பிறகு நடந்ததை நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்துச் சொல்கிறேன். ஒட்டி முடித்த பிறகும் விடுவதில்லை. நீ எழும்பினாய், கம்பத்துக்கு மேல், மைதான விளக்குக்கு மேல், மேகத்துக்கு ஒரு முழம் கீழே வரை எழும்பினாய். வழியில் ஒரு விமானம் ஒதுங்கி நின்றது. பந்தைப் பழம் பறிப்பதுபோல் பறித்து, நெஞ்சோடு அணைத்து, எட்டுப் பேர் மேல் சரிந்து, பூப்போல இறங்கினாய். இறங்கும் நேரத்துக்குள் எதிரணிப் பயிற்சியாளருக்கு இரண்டு நரை முடி கூடிவிட்டது. அதோடு கடைசி விசில், வெற்றி நமக்கு. கேட்டவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். சலூன்காரர், "நானும் பாத்தேன், ஆனா விமானத்தைக் கவனிக்கலையே" என்கிறார். நிருபரும் மறுபடி வந்தார். இந்த முறை வண்டியில் பஞ்சர் இல்லை. எழுதிக்கொண்டு போனார். நாளை விமானத்தோடு வரும் என்று நினைக்கிறேன்.

மருமகளே, இத்தனையிலும் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். யாரிடமும் சொல்லவில்லை, அக்காவுக்கும் தெரியாது. அவர்கள் கத்தினார்கள். பந்து மூலையிலிருந்து கிளம்பியது. நான் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். அக்காவின் கை என் முதுகில் பளாரென்று விழுந்த பிறகுதான் திறந்தேன். அதற்குள் பந்து உன் கையில் இருந்தது. நீ எப்படிப் பிடித்தாய் என்று நான் பார்க்கவே இல்லை.

உன் மாமா